மொட்டைமலை எழுந்திருக்கும் நேரம்

எங்கள் ஊர் மொட்டைமலை பகல் முழுவதும் நிற்கிறது. விடிவதற்குச் சற்று முன்பு யாராவது ஒருவருடைய தோளில் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டு, ஏழு மணிக்குள் எழுந்து தன் இடத்துக்குப் போய்விடும். உட்காருவதற்கு அதற்கு அழைப்பு வேண்டும். ஒருவர் உட்காரும்போது வாய்விட்டு "அப்பாடா" என்று சொன்னால், அதை மலை அழைப்பாக எடுத்துக்கொள்கிறது. அத்தனை காலமாக நிற்கிற ஒன்றின் காதில் அந்தச் சொல் விழுந்தால் வேறு எப்படித் தோன்றும்.

அதனால் எங்கள் ஊரில் அறுபது வயதுக்கு முன்னால் யாரும் அப்படிச் சொல்வதில்லை. பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் வாயை மூடிக்கொண்டு உட்காருவோம். பிள்ளைகள் வெளியூருக்குப் போன இடத்தில் கற்றுக்கொண்டு வந்து சொன்னால் வாயிலேயே ஒரு தட்டு விழும். அறுபதாம் கல்யாணத்தில் மாலை மாற்றி, தாலி கட்டி முடித்ததும் தம்பதிகள் மணையில் உட்கார்ந்து உரக்க "அப்பாடா" என்பார்கள். வந்தவர்கள் அட்சதை போடுவார்கள். மறுநாள் நகராட்சியின் மலைப் பிரிவில் அவர்கள் பெயர் பதிவேட்டில் ஏறும், கையில் அட்டை கிடைக்கும். மலை தங்களிடம் வந்தால் அந்த அட்டையைக் காட்டி அரசு மருத்துவமனையில் மாத்திரை வாங்கிக்கொள்ளலாம். அந்த மாத்திரை போட்டால்தான் மலை நேரத்துக்கு எழுந்திருக்கும். போடாவிட்டால் உட்கார்ந்த இடத்திலேயே சுகம் கண்டுவிடும்.

பதிவேட்டில் நூறு பேர் இருந்தாலும் மலை ஒரு சமயத்தில் ஒருவரிடம்தான் வரும். வந்தால் ஒரு வருடமோ நான்கு வருடமோ அவரிடமே வந்துகொண்டிருக்கும். பெரும்பாலும் எழுபதைத் தாண்டியவர்களைத்தான் அது தேடிப் போகும்.

நான் நாற்பத்திரண்டு வயதில் அப்பாடா என்று சொல்லிவிட்டேன்.

பத்தொன்பது வருடமாக நான் புடவைக் கடையில் வேலை பார்க்கிறேன். பெயர் பூங்கோதை. கடையில் முகூர்த்தப் பட்டு எல்லாம் மேல்தட்டில் இருக்கும். எந்த நிறம் எந்த அடுக்கில் எத்தனையாவதாக இருக்கிறது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். கல்யாண வீட்டார் வாய் திறப்பதற்குள் கையை உயர்த்தி உருவிப் போட்டுவிடுவேன். ஆடித் தள்ளுபடியின் கடைசி நாள் அன்று காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்தேன். சாயங்காலம் கூட்டம் கொஞ்சம் கலைந்தது, ஓரமாகக் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன், அது வாயிலிருந்து வந்துவிட்டது. பக்கத்தில் யாரும் இல்லை. ஜன்னலில் மலை மட்டும் தெரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் விடியும்போது மலை வந்திருந்தது. புரண்டு படுக்கப் பார்த்தேன், முடியவில்லை. இரண்டு தோள்களிலும் இரண்டு இடுப்பு எலும்புகளிலும் சமமாகப் பரவி உட்கார்ந்திருந்தது. போர்வையை விலக்கக் கை வரவில்லை. வலி எப்படி இருந்தது என்று கேட்டால், வலி என்கிற சொல்லே எனக்குச் சின்னதாகத் தெரிகிறது. பயமாகவும் இருந்தது. ஆனால் அதைவிடப் பிரமிப்பாக இருந்தது. கண்ணை மூடினால் அதன் சுனையில் தண்ணீர் சொட்டுவது என் கழுத்துக்குள் கேட்டது. வலது தோள்பட்டைச் சரிவில் யாரோ விட்டுவிட்டுப் போன ஆடு ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. தெற்குப் பக்கம் கல் உடைத்து எடுத்த இடம் என் இடுப்பில் தனியாக வலித்தது. இத்தனை பெரியது, ஊரில் இத்தனை பேர் இருக்க, என்னை நம்பி வந்து உட்கார்ந்திருக்கிறது.

என் வீட்டுக்காரர் தணிகாசலம் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். முதல் சவாரிக்குக் கிளம்பும்போது ஜன்னல் வழியாக மலை இருக்கும் இடத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். முதுகுக்குக் கீழே கையைக் கொடுத்து நிமிர்த்தி உட்கார வைத்தார். தலையணையில் கிடந்த கல்தூளைத் தட்டினார். ரவிக்கை ஊக்குகளைப் போட்டுவிட்டார். மகள் தேன்மொழிக்குத் தலை பின்னினார். அவருக்கு ஒற்றைச் சடைதான் வரும், பள்ளிக்கூடத்தில் இரட்டைச் சடை கேட்கிறார்கள். அன்றிலிருந்து அவள் ஒற்றைச் சடையோடு போய்த் திட்டு வாங்கினாள்.

சிக்கல் என்னவென்றால், அந்தச் சமயத்தில் பதிவேட்டின்படி மலை சேஷாசலம் சாரிடம் இருந்தது. ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், வயது எழுபத்தாறு. நான்கு வருடமாக அவர்தான் சுமந்துகொண்டிருந்தார். மலை அவரிடம் இருப்பது ஊருக்கே தெரியும் என்பதால், என்னிடம் இருப்பது வேறு ஏதோ என்று எல்லோரும் சொன்னார்கள். புடவைக் கட்டு தூக்கியதால் வந்த பிடிப்பு என்றார் முதலாளி. என் நாத்தனார் தைராய்டு என்றாள். பெரிய பலகை மாட்டிய ஒரு டாக்டர் என் தோளைத் தொடாமலேயே, இந்த வயதில் மலை வராது, மனதை சந்தோஷமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். நான் மனதை சந்தோஷமாக வைத்துக்கொண்டேன். மலை எட்டு மணிக்கு எழுந்தது.

நகராட்சிக்குப் போனேன். மலைப் பிரிவு குமாஸ்தா ஏகாம்பரம் நல்ல மனிதர். நான் நாற்காலியில் உட்காருவதற்குள் அவர் ஒரு டீ குடித்து முடித்துவிட்டார். நான் கொண்டுபோன ஆதார் அட்டையைப் பார்த்தார், என் தோளிலிருந்து மேஜையில் உதிர்ந்த கல்தூளைப் பார்த்தார். தூள் மொட்டைமலைத் தூள்தான் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் படிவத்தில் வயது என்கிற கட்டம் அறுபதிலிருந்துதான் தொடங்குகிறது, அதற்குக் கீழே எழுத இடம் இல்லை என்று காட்டினார். நானும் பார்த்தேன். இடம் இல்லைதான். பதினெட்டு வருடம் கழித்து வந்தால் முதல் ஆளாகப் பதிவு செய்து தருவதாகச் சொன்னார்.

மாத்திரை இல்லாததால் மலை நாளுக்கு நாள் தாமதமாக எழுந்தது. புரட்டாசியில் ஒன்பது மணி ஆயிற்று. ஐப்பசியில் ஒன்பதரை. காலைப் பயணிகள் ரயில் எங்கள் ஊரில் மலையைச் சுற்றி வளைந்து போகும். மலை இல்லாத நேரத்தில் தண்டவாளம் மட்டும் வளைந்து கிடந்தது. நேராகப் போகிற இடத்தில் ஏன் இப்படி வளைகிறது என்று பயணிகள் கேட்டார்களாம், டிரைவருக்குச் சங்கடமாகப் போய்விட்டதாம். இதெல்லாம் சேஷாசலம் சாரின் வயதான காலத்துத் தாமதம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

கடை பத்து மணிக்குத் திறக்கும். மலை எழுந்த பிறகும் அது உட்கார்ந்த தடம் என் தோளில் பகல் வரைக்கும் இருந்தது. கை மார்புக்கு மேலே ஏறவில்லை. ஒட்டடைக் கம்பை வைத்து மேல்தட்டுப் புடவைகளை இழுத்தேன். ஒருநாள் பெண் வீட்டார் எதிரில் ஏழெட்டு முகூர்த்தப் பட்டுகள் என் தலையிலேயே சரிந்து விழுந்தன. அவர்கள் சகுனம் என்று எழுந்து போய்விட்டார்கள். முதலாளி கோபப்படவில்லை. தை பிறந்ததும் என்னை ரவிக்கைத் துணிப் பிரிவுக்கு மாற்றிவிடலாம் என்றார். அது முழங்கால் உயரத்தில் இருக்கிறது, கையைத் தூக்கவே வேண்டாம் என்றார். அங்கே புதிதாகச் சேர்கிறவர்களைத்தான் உட்கார வைப்பார்கள். நான் சரி என்று தலையாட்டிவிட்டு, உடை மாற்றுகிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எனக்கு வேறு எதுவும் வேண்டாம், தைக்குள் கை மேல்தட்டுக்கு எட்ட வேண்டும், அவ்வளவுதான்.

கார்த்திகைப் பௌர்ணமி வந்தது. எங்கள் ஊரில் பௌர்ணமிக்கு மலை சுற்றுகிறவர்கள் கடைசிச் சுற்றை விடிந்த பிறகு முடிப்பார்கள். அந்த நேரத்தில் மலை அதன் இடத்தில் இருக்காது என்பதால், சுமக்கிறவரின் வீட்டுக்குப் போய் அவர் கட்டிலைச் சுற்றுவார்கள். முன்வாசலில் செருப்பை விட்டு, கூடத்தில் நுழைந்து, கட்டிலைச் சுற்றி, சமையலறை வழியாகப் பின்வாசலில் இறங்குவது முறை. அன்றைக்கும் அறுநூறு பேர் சேஷாசலம் சாரின் கட்டிலைச் சுற்றினார்கள். அவர் கழுத்துவரை போர்த்திக்கொண்டு அசையாமல் படுத்திருந்தார் என்று பால்காரர் சொன்னார்.

கூட்டம் கலைந்த பிறகு, எட்டு மணி வாக்கில், சேஷாசலம் சார் எங்கள் வீட்டுப் படியேறி வந்தார். விறுவிறுவென்று வந்தார். அதிலேயே எனக்குப் பாதி விளங்கிவிட்டது. மலை இன்னும் எழுந்திருக்காத நேரத்தில் அதைச் சுமக்கிறவர் யாரும் படி ஏறுவதில்லை. தணிகாசலம் நாற்காலி போட்டார். அவர் உட்காரவில்லை. கட்டிலில் கிடந்த என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உங்கிட்டதான் இருக்குதாம்மா?" என்றார்.

"ஆமாம் சார். ஆடியிலேர்ந்து."

"ஆடிக் கடைசியில எங்கிட்டேர்ந்து போச்சு," என்றார். "உடம்பு பஞ்சாட்டம் ஆயிடுச்சு. மனசுதான் ஆறல. யார்கிட்டயும் சொல்லாம போர்த்திக்கினு படுத்துட்டேன். இத்தனை ஜனம் வந்து சுத்துதே, இல்லேன்னு எப்படிச் சொல்றது."

நான்கு மாதமாக அவர் மலை தன் இடத்துக்குத் திரும்பும் வரைக்கும் வலிப்பதுபோலப் படுத்திருந்திருக்கிறார். வாங்கிய மாத்திரைகளைப் பிரிக்காமல் அப்படியே அலமாரியில் வைத்திருக்கிறார். எனக்கு அவர்மேல் ஆத்திரம் வந்தது. ஒட்டடைக் கம்பு ஞாபகம் வந்தது. திட்டலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவர், ஒரே ஒரு தடவை சுற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து, கட்டிலை ஒட்டி மெதுவாக நடந்தார். சுனை இருக்கும் என் இடது தோள் பக்கம் வந்தபோது நின்று, தலையைச் சாய்த்துக் கேட்டார். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் கண்ணிலும் தண்ணீர் இருந்தது. அதன் பிறகு என்னால் திட்ட முடியவில்லை.

மலை எழுந்து போனதும் அவரே என்னை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். போகிற வழியில் எதிர்ப்பட்ட எல்லோரிடமும் மலை தன்னிடம் இல்லை, இந்தப் பெண்ணிடம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தார். மாணவர்கள் முன்னால் தப்பை ஒப்புக்கொள்கிற வாத்தியாரைப் போல ஒவ்வொருவரிடமும் நின்று முழு வாக்கியமாகச் சொன்னார். நடந்து முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

டாக்டர் அமுதினி சின்னப் பெண். என் வயதைக் கேட்டு எழுதிக்கொண்டாரே தவிர, அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கைகளைப் பக்கவாட்டில் உயர்த்தச் சொன்னார். காலையில் எத்தனை மணி வரைக்கும் பாரம் இருக்கிறது, பசிக்கிறதா, மெலிந்திருக்கிறேனா, கண் பார்வை மங்குகிறதா, நெற்றிப்பொட்டில் வலிக்கிறதா என்று கேட்டார். ரத்தம் எடுத்து மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஊற்றி மேஜையில் நிறுத்தினார். அதற்கு ஒரு மணி நேரம் ஆகும் என்றார். மூன்று பேரும் குழாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சாதாரண ரத்தத்தில் சிவப்பு மெதுவாகத்தான் இறங்குமாம். என்னுடையதில் கல்தூள் இருந்ததால் சரசரவென்று இறங்கியது. ஒரு மணி நேரத்தில் தொண்ணூற்றிரண்டு கோடு இறங்கிவிட்டது.

"மலைதான்," என்றார் டாக்டர். "உங்க வயசுல நான் பார்த்ததில்லை. அதனால இல்லேன்னு ஆயிடுமா?"

அந்த ஒரு சொல்லைக் கேட்க நான் நான்கு மாதம் அலைந்திருக்கிறேன். உடம்பில் பாதி பாரம் அங்கேயே இறங்கியதுபோல இருந்தது. அவர் தன் மேஜை இழுப்பறையிலிருந்து பத்து நாளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தார். சாப்பிட்ட பிறகு போட வேண்டும். மலை எழுந்துவிட்டது என்று நினைத்து நானாக நிறுத்திவிடக் கூடாது. மாதத்துக்குக் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வரலாம், இரண்டு வருடம்கூட ஆகலாம், மலையைப் பிடித்துத் தள்ளக் கூடாது என்றார். முகம் உப்பும், பசி எடுக்கும், தூக்கம் குறையும், சர்க்கரை பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். பத்து நாளைக்குப் பிறகு அட்டை இல்லாமல் தர அவருக்கு அதிகாரம் இல்லை.

மாத்திரை சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. மறுநாள் காலை ஏழு மணிக்கு மலை எழுந்தது. எழுவதற்கு முன்னால் அது மூச்சை இழுத்துக்கொண்டது என் விலாவில் தெரிந்தது. பிறகு எழுந்து, ஜன்னலை அடைத்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்று, போயிற்று. நான் படுத்தபடியே வலது கையை உயர்த்தினேன். கை மேலே போய்க்கொண்டே இருந்தது. எழுந்து நின்று நிலைப்படியின் மேல்கட்டையைத் தொட்டேன். இத்தனை பெரிய மலையை இத்தனை சின்ன மாத்திரை எழுப்பி அனுப்புகிறதே என்று அங்கேயே நின்று அழுதேன். தேன்மொழி சீப்பையும் இரண்டு ரிப்பனையும் எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் திரும்பி உட்கார்ந்தாள்.

அட்டை விஷயத்தை ஏகாம்பரம் மூன்று நாள் யோசித்தார். சேஷாசலம் சார் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தையும் டாக்டரின் சீட்டையும் கோப்பில் கட்டினார். படிவத்தில் அறுபதுக்குக் கீழே இடம் இல்லாததால், நாங்கள் முதலில் அறுபதாம் கல்யாணத்தை முடித்துக்கொண்டு வந்தால் மற்றதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். தணிகாசலத்துக்கு நாற்பத்தாறு வயது. சவாரிக்காரர்கள் கிண்டல் செய்வார்களே என்று கொஞ்சம் முணுமுணுத்தார், பிறகு தலைமுடிக்கு வெள்ளை அடிக்க வேண்டுமா என்று கேட்டார். தேவையில்லை என்று ஏகாம்பரம் சொல்லிவிட்டார்.

கூறைப் புடவையை எங்கள் கடையில்தான் எடுத்தோம். அரக்கு நிறம், மாம்பழ பார்டர், மேல்தட்டில் வலது ஓரம், மேலிருந்து மூன்றாவது. முதலாளி பார்த்துக்கொண்டிருக்கும்போதே குதிகாலை உயர்த்தாமல் கையை நீட்டி உருவினேன். ஒன்றுகூடச் சரியவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். ரவிக்கைத் துணிப் பிரிவைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

மாத்திரை தீருகிற பத்தாம் நாள் காலையில் மண்டபத்தில் கல்யாணம். அறுபதாம் கல்யாணத்தைப் பிள்ளைகள்தான் நடத்திவைக்க வேண்டும். தேன்மொழி அன்று மத்தியானம் அரையாண்டுப் பரீட்சைக்குப் போக வேண்டியிருந்ததால், சீருடையில் இரட்டைச் சடையோடு நின்று எங்களைக் கல்யாணம் செய்துவைத்தாள். ஏகாம்பரம் பதிவேட்டோடு முதல் வரிசையில் இருந்தார். சேஷாசலம் சார் அட்சதைத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். மண்டபத்துப் பெரிய ஜன்னலில் மலை தெரிந்தது. தாலி ஏறியது. மணையில் உட்கார்ந்தோம். எல்லோரும் கையில் அட்சதையை வைத்துக்கொண்டு என் வாயைப் பார்த்தார்கள். நான் மூச்சை இழுத்தேன்.

"அப்பாடா," என்றது மலை.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் மண்டபத்துக் கண்ணாடிகளும் பந்தியில் போட்டிருந்த தம்ளர்களும் அதைத் திரும்பச் சொல்லின. இத்தனை காலமாக நின்ற ஒன்று, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நின்ற இடத்தில் மெல்ல உட்கார்ந்தது. பிறகு நானும் தணிகாசலமும் எங்கள் முறைக்குச் சொன்னோம். அட்சதை விழுந்தது. சேஷாசலம் சார் ஒரு பிடியை ஜன்னல் பக்கமும் போட்டார். ஏகாம்பரம் மணியைப் பார்த்து, பத்து இருபது என்று எழுதிக்கொண்டு என்னிடம் அட்டையைக் கொடுத்தார். மலைக்கும் ஒரு அட்டை எழுத அதன் வயதைக் கேட்டார். யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. அறுபதுக்கு மேல் என்று போட்டுக்கொண்டோம்.

மறுநாள் விடியும்போது மலை வழக்கம்போல என் தோளில் இருந்தது. மலையின் தோளில் கடல் உட்கார்ந்திருந்தது.

நான்காக மடித்துக்கொண்டு வந்திருந்தது. மடித்த விதம் சரியில்லை, ஓரங்கள் ஒன்றோடொன்று சேரவில்லை, கடையிலென்றால் பிரித்து மறுபடி மடித்திருப்பேன். ஆனாலும் கடல். சுனைச் சத்தத்துக்கு மேலே அலைச் சத்தம் கேட்டது. மலை மூச்சு விடும்போதெல்லாம் என் கழுத்தெலும்பு வரைக்கும் நுரை வந்து வந்து போயிற்று. ஆடு ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டையும் சுமந்துகொண்டு நான் அசையாமல் படுத்திருந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு பெரிய காலையை நான் பார்த்ததில்லை.

தணிகாசலம் எழுந்து, தரையில் கிடந்த தேன்மொழியின் புத்தகப் பையை எடுத்து அலமாரி மேல் வைத்தார். கடற்கரை ஊரிலிருந்து அவருடைய சித்தப்பா போன் செய்தார். படகெல்லாம் மணலில் சாய்ந்து கிடக்கிறது, எட்டு மணிக்குள் அனுப்பி வைக்க முடியுமா என்று கேட்டார். தணிகாசலம் போனை என் காதில் வைத்தார். முடியும் என்று சொன்னேன். பிறகு தணிகாசலம் இரண்டு இட்லி ஊட்டினார், மாத்திரையைக் கொடுத்தார்.

ஏழு மணிக்கு மலை மூச்சை இழுத்துக்கொண்டது. முதலில் கடல் இறங்கியது, பிறகு மலை எழுந்து தன் இடத்துக்குப் போயிற்று. கடலுக்கு எங்கள் ஊர் புதிது. வாசலில் இறங்கி, பேருந்து நிலையம் இருக்கும் பக்கம் கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி வந்து, தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. நான் எழுந்து போய் வாசலில் நின்று, வலது கையைத் தலைக்கு மேலே, மேல்தட்டு உயரத்துக்கு, முழுதாகத் தூக்கிக் கிழக்கே காட்டினேன். அது அந்தப் பக்கம் போயிற்று. நான் உள்ளே வந்து தேன்மொழிக்குத் தலை பின்னிவிட்டு, கடைக்குக் கிளம்பினேன்.